நான்கு வருடம், பதினொரு மாதம்

மாங்குளம் தொழிற்சாலையில்
ஆளணிப் பிரிவு என்றால்
நானும் ஒரு மின்விசிறியும்.

கொழும்பிலிருந்து மின்னஞ்சல்:
நிரோஜினியின் ஒப்பந்தம்
இம்மாதத்தோடு முடியட்டும்.
காரணம் எழுதவில்லை.
எனக்குத் தெரியும்,
ஐந்து வருடம் நிறைந்தால் பணிக்கொடை.

கோப்பைத் திறந்தேன்.
நியமனக் கடிதத்துக்கு ஆறு கிழமை முன்னமே
அவள் தையல் மெசினில் இருந்திருக்கிறாள்.
வரவுப் பதிவில் அதற்குப் பெயர்
'பயிற்சி'.
எழுத்து என்னுடையது.

ஏ-ஒன்பதில் லொறி போக
ஜன்னல் அதிர்ந்தது.
விரல் மடித்து எண்ணினேன், திரும்பவும் எண்ணினேன்.
இரண்டு கிழமைக்கு முன்னரே
ஐந்தைத் தாண்டிவிட்டாள்,
தெரியாமல், கொலர் தைத்தபடி.

நிழற்பிரதி இரண்டு எடுத்தேன்.
ஒன்று கொழும்புக்கு.
மற்றது என் சாப்பாட்டுப் பையில்.

ஆறு மணி பஸ்ஸுக்கு
அவள் கேற்றடியில் நிற்பாள்.