இடிப்பு மதிப்பீடு

கோத்தகிரி பழைய பஸ் நிலையத்தை
இடித்தால் என்ன தேறும் என்று கேட்டிருக்கிறார்கள்.
நான் உதவிப் பொறியாளர். டேப்பின் ஒரு முனை என் கையில்,
மறுமுனை வாட்ச்மேன் ஹாலனிடம்.
அவர் மப்ளருக்குள்ளிருந்து எண் சொல்கிறார்,
நான் எழுதிக்கொள்கிறேன்.

திறப்புவிழாக் கல்லில் அமைச்சர் இருக்கிறார்,
கலெக்டர் இருக்கிறார்,
கான்ட்ராக்டரின் இனிஷியல்கூடப் பிழையில்லாமல் இருக்கிறது.
வரைந்தவர் இல்லை.
வரைபடத்தின் வலது மூலையில்
கரையான் விட்டுவைத்த இடத்தில்
ம.மு.
மதலைமுத்து.

சேப்பாக்கத்திலிருந்து வருகிற மாதிரி வரைபடம்
அன்றைக்கு எல்லா ஊருக்கும் ஒன்றுதான்:
தட்டைக் கூரை, கிழக்கே திறந்த தாழ்வாரம்.
வேலூருக்கும் அதே, விளாத்திகுளத்துக்கும் அதே.
இவர் அதைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு
ஓர் ஐப்பசி முழுக்க இந்தச் சரிவில் சும்மா நின்றிருக்கிறார்.
பிறகு எழுதினார், கோப்பில் இருக்கிறது:
'இவ்விடத்து மழை கிழக்கிலிருந்து வருகிறது.
மேலும், அது விழுவதில்லை. நுழைகிறது.'
பதில் வரவில்லை.
கட்டடத்தை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டார்.

கூடலூர் மழை வேறு. அங்கே ஆனி, அங்கே மேற்கு.
அந்த நூலகத்துக்கு மேற்கே ஜன்னலே கிடையாது,
நீளமாக ஒரு கருங்கல் முதுகு.
சிலோனிலிருந்து வந்து இறங்கியவர்கள்
அந்த முதுகுக்கு இந்தப் பக்கம்
நனையாத காகிதத்தில் மனு எழுதினார்கள்.

குன்னூர் கோர்ட்டில் தோற்றார்.
நடுக்கூரையில் வானம் பார்த்த கண்ணாடி;
முதல் மழையிலேயே
சாட்சிக் கூண்டில் வாளி ஏறி நின்றது.
விளக்கம் கேட்ட மெமோவுக்கு
இரண்டே சொல்லில் பதில்: 'தவறு என்னுடையது.'
பதின்மூன்று வருஷ சர்வீஸில்
நான் கொடுத்த விளக்கம் ஒன்றுகூட
ஒரு பக்கத்துக்குக் குறைந்ததில்லை.

மலையில் ஒன்பது கட்டடம். பிறகு மாற்றல்.
கீழே, வெயிலில், காவலர் குடியிருப்பு, சி டைப்:
ஒரே வீட்டை நானூறு தடவை.

இனி கிழக்குச் சுவர்.
வெளிப்புறம், ஒன்பது மீட்டர் நீளத்துக்கு ஒரு விளிம்பு.
உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது,
சாய்ந்தால் முதுகில் குத்தும்.
வரைபடத்தில் பெயரில்லாமல் ஒரு கோடு.
தணிக்கையும் கேட்டிருக்கிறது: இது எதற்கு?
தேவையற்ற செலவு, ரூபாய் நானூற்றுப் பன்னிரண்டு.
அதற்கு மட்டும் அவர் பதில் எழுதவில்லை.
நாலு மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

பதினொன்றேகால் கோடநாடு வண்டிக்கு
ஒருத்தி வந்தாள்.
முதுகில் கேரட் மூட்டை, நெற்றியில் அதன் பட்டை.
சுவரைப் பார்க்கவில்லை. குனியவுமில்லை.
திரும்பி, ஓரடி பின்னால் வைத்தாள்,
மூட்டை தானாகப் போய் விளிம்பில் உட்கார்ந்தது.
பட்டையை நெற்றியிலிருந்து தள்ளிவிட்டுப்
போனில் யாரையோ திட்ட ஆரம்பித்தாள்.

நகரச் சொல்லட்டுமா என்றார் ஹாலன்.
வேண்டாம் என்றேன்.
அவளுக்குப் பக்கத்திலேயே டேப்பை நிறுத்தினோம்:
எண்பத்து நாலு சென்டிமீட்டர்.

விலைப் பட்டியலில் இதற்கு இனம் இல்லை.
'இதர' என்று எழுதினேன். அடித்தேன்.
அந்த வரி காலியாக இருக்கிறது.
திங்கட்கிழமை கேட்பார்கள்.