சொல்லப்படாதது எது

தோர்ன்டன் ஹீத் தர்மக் கடையில்
ஒன்றரைப் பவுணுக்கு வாங்கினேன்
சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வுப் பயிற்சிப் புத்தகம்.
உள்ளட்டையில் எச். பிரைஸ் என்று ஒரு பெயர்.
விடைகளைப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டுப் போயிருந்தான்,
அல்லது போயிருந்தாள்.
முதல் வாரம் அந்தப் பென்சிலை நம்பினேன்.
கடைசிப் பக்கத்தோடு ஒத்துப் பார்த்தால்
பாதி பிழை.

பிரைஸ் ஏன் இந்தப் புத்தகத்தைக் கைவிட்டார்?
அ. தேறிவிட்டார்.
ஆ. தேறவில்லை.
இ. வீடு மாறினார்.
ஈ. தரப்பட்ட பந்தியிலிருந்து முடிவுகட்ட இயலாது.

ஈ என்று போடக் கற்றுக்கொள்ள
எனக்கு ஒரு மாரிகாலம் பிடித்தது.

பதினொரு வருடமாக நான் உரைபெயர்ப்பாளர்.
குடிவரவுத் தீர்ப்பாயங்களில்
மனுதாரருக்குப் பக்கத்துக் கதிரை.
சத்தியம் செய்திருக்கிறேன்:
கூட்டேன், குறைக்கேன், விளக்கம் சொல்லேன்.
'அவங்கள் வந்தவங்கள்' என்பார் ஒருவர்.
வந்தது யாரென்று எனக்குத் தெரியும்,
அவர்களின் சப்பாத்துக்கூடத் தெரியும்.
'அவர்கள் வந்தார்கள்' மட்டும்தான்
நீதிபதியின் மேசைக்குப் போகும்.

புத்தகமோ பக்கத்துக்குப் பக்கம் கேட்கிறது:
எழுதியவர் சொல்லாமல் எடுத்துக்கொண்ட எடுகோள் எது?

நிவேதிகா போனில் நேரம் பிடித்தாள்.
அம்மா, நீங்கள் கனக்க யோசிக்கிறீங்கள்.
கிருபாகரன் இரவு வேலைக்குச் சப்பாத்துக் கட்டிக்கொண்டே
'நாற்பத்துமூன்று வயசிலயோ' என்றார்.
அது கேள்வியா, வாதமா, வெறும் அபிப்பிராயமா
என்று குறிக்கப் பார்த்தேன்.
கதவு சாத்துப்பட்டது.

தை மாதம், குரொய்டன், மூன்றாம் மாடி.
பையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டச் சொன்னார்கள்.
மணிக்கூட்டைக் கழற்றுங்கள்.
பொக்கற்றை வெளியே இழுங்கள்.
சட்டைக் கையை மடித்துவிடுங்கள்.
மூக்குக் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்
ஒரு சின்னப் பெடியன்,
மன்னிக்கவும் மன்னிக்கவும் என்றபடி.

எங்களிடம் இரண்டுக்கும் ஒரே சொல்: சோதனை.
இது எந்தச் சோதனை என்று உடம்புக்கு விளங்கவில்லை.
அவன் கேட்காமலே
இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டேன்.
அவன் சிரித்தான். பிறகு நானும்.

நாற்பத்திரண்டு கேள்விகள். தேனீ வளர்ப்பு, வாடகைச் சட்டம்,
பொய் சொல்லும் உரிமை பற்றி ஒரு நீண்ட பந்தி.
கடைசி மூன்றையும் வாசிக்காமலே குத்தினேன்.

பிறகு கட்டுரை. மூன்றில் ஒன்று.
மிருகக்காட்சிச்சாலைகள் வேண்டுமா.
இனிப்புக்கு வரி வேண்டுமா.
மௌனத்தைப் பதிலாகக் கொள்ளலாமா.

மூன்றாவதைக் கண்டதும் ஒரு மனிதர் வந்து பக்கத்தில் இருந்தார்.
ஹட்டன் குறொஸ், ஒரு புதன்கிழமை.
தம்பியைப் பற்றிக் கேட்டார்கள்.
நான்கு நிமிடம்
வாயைத் திறந்து வைத்தபடி காத்திருந்தேன்,
பெயர்க்க ஒன்றும் வரவில்லை.
'பதில் இல்லை' என்று பதிந்தார்கள்.

அந்தக் கட்டுரையை நான் நன்றாக எழுதியிருப்பேன்.
அது அவருடையது.
மிருகக்காட்சிச்சாலையைத் தொட்டேன்.

முதல் சொல்: நான்.
தட்டிவிட்டு நின்றுபோனேன்.
இத்தனை வருடமும் நான் சொன்ன நான்கள்
ஓடியவர்கள், கிணற்றுக்குள் இருந்தவர்கள்,
வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வைத்தவர்கள்.
இங்கே அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை.
ஆங்கிலத்தில் அது ஒற்றை எழுத்து, செங்குத்தாக ஒரு கோடு.
பக்கத்தில் மின்னுகிற துடிகோடும் அதே கோடு.
ஒன்று அணைந்து அணைந்து வந்தது,
மற்றது அப்படியே நின்றது.

கூட்டுக்குள் ஒரு கரடி
நாள்முழுக்க எட்டு வரைந்து நடப்பதாக எழுதினேன்.
அப்படியொரு கரடியை நான் கண்டதில்லை.
வாதத்துக்கு வேண்டியிருந்தது. கூட்டினேன்.

வெளியே நாலு மணிக்கே இருட்டு.
போனைத் திறந்தால் ஏஜென்சி:
திங்கள் ஒன்பதரை, ஹட்டன் குறொஸ், தமிழ், வரமுடியுமா?
ஓம் என்று அனுப்பினேன்.

அடுத்தது நிவேதிகா: எப்படி?

ஈ, என்று எழுதினேன்.

ஈயோ?
என்ன ஈ? சோதனைக்குள்ளயோ?

ட்ராம் வந்துவிட்டது.