லேபிள் இல்லாத புட்டி

வூவ்ரேயில், நிலவறை ஈரம்
லேபிளைத் தின்றுவிட்டது.

"எண்பத்தொன்பது" என்கிறாள் ஒதீல்.
வெயில் முற்றிய வருஷம், அவள் கல்யாணம்.
"தொண்ணூற்றாறு" என்கிறான் கெயத்தான்.
அக்காவோடு பேச்சை முறித்த வருஷம்.

பாகப்பத்திரத்தின் மேல்
கோப்பையை வைக்கத் தயங்குகிறார் நோட்டரி.
பிறகு வைக்கிறார்.

வெள்ளை ஒயின் என்று பேர்.
நிறமோ, அறுத்த கோதுமைத் தாள்.
முதலில் தேன்மெழுகு,
அப்புறம் மழை தொட்ட சுண்ணாம்புக்கல்,
எல்லாம் இறங்கிய பின்னும்
நாக்கோரத்தில்
ஆறாத ஒரு புளிப்பு.

மேசை நடுவே தக்கை.
கறை விட்டுவைத்தது
கடைசி இலக்கம் ஒன்றைத்தான்.
அவள் பக்கமிருந்து பார்த்தால் ஒன்பது.
எதிரே அவனுக்கு
ஆறு.

யாரும் அதைத் திருப்பவில்லை.

கையெழுத்திடும் இடத்தில்
ஈர வளையம்.
சாட்சி சொல்வதற்கு
இன்னொரு வாய் வேண்டும் என்கிறார் நோட்டரி.