ஓரம்

சென்னையில் உட்கார்ந்து நட்சத்திரமா என்று
தரமணி கேன்டீனில் ஒருவர் சிரித்தார்.
நியாயம்தான்.
நான் வானத்தைப் பார்ப்பதே இல்லை.
எனக்கு வருவது பட்டியல்:
நிறம், ஒளி, பிழை எல்லை.
எங்கோ ஒரு மலையுச்சியில் யாரோ குளிரில் விழித்திருந்து எடுத்த எண்கள்.
இங்கே ஏசி சொட்டுகிறது,
அடியில் பெயின்ட் டப்பா.

நீலம் என்றால் இளமை, அது பொது விதி.
கொழுந்துவிட்டு எரிந்து சீக்கிரம் தீர்ந்துபோகிறவை.
இவை அப்படி அல்ல.
சிவந்து, ஊதிப் பெருத்து,
போர்த்தியதில் பாதியை உதறிவிட்டு,
வயிற்றுக்குள் ஹீலியத்தைப் பற்றவைத்துக்கொண்டு
ஆயிரத்து இருநூறு கோடி வயதில்
மறுபடி நீலமானவை.

எல்லாம் ஏறக்குறைய ஒரே வாட்.
அதனால்தான் நம்புகிறோம்.
மங்கலாய்த் தெரிந்தால் தூரம்,
அவ்வளவுதான் கணக்கு.
பால்வீதியின் தட்டுக்கு வெளியே
அந்தப் பெரிய இருட்டு உருண்டையில்
இங்கே ஒன்று, அங்கே ஒன்று.
புள்ளி புள்ளியாய் வைத்துக்கொண்டே போனால்
எப்போதோ விழுங்கப்பட்ட சிறு மண்டலம் ஒன்று
ஓடையாய் நீண்டு கிடப்பது தெரியும்.

மூன்று வருடம்.
நாலாயிரத்து முப்பது நட்சத்திரங்கள்.
என் வரைபடத்தில் ஓரம் தள்ளிப் போயிருந்தது.
மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ஒளியாண்டு தாண்டியும்
நெருக்கமாய்க் குடித்தனம்.
அந்த ஓரத்துக்கு ஸ்லைடில் ஆரஞ்சு நிறம் கொடுத்திருந்தேன்.

விசாலம் மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.
"கோட்டு அகலம் பார்த்தியா, பெனிட்டா?"

பார்க்கவில்லை.
மங்கலானதற்கு நிறமாலை எடுக்க
மாதக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும்.
நிறம் போதும் என்று நினைத்தேன்.
போதும் என்றுதான் நினைக்க விரும்பினேன்.

அன்று இரவு காசிமேட்டில் கரண்ட் இல்லை.
மொட்டைமாடியில் அண்ணி துணி எடுத்துக்கொண்டிருந்தாள்,
வாயில் இரண்டு கிளிப்.
கடலில் இரண்டு விளக்கு, ஒரே வெளிச்சம்.
"ஜெரால்டு அண்ணன் லாஞ்சா?" என்று இடதைக் காட்டினேன்.
கிளிப்பைக் கடித்தபடியே தலையாட்டினாள், இல்லை என்று.
"அது ஃபைபர் போட்டு. கிட்டதான் இருக்கு.
எப்படித் துள்ளுது பாரு."

சின்ன விளக்கு, பக்கத்தில்.
பெரிய விளக்கு, தொலைவில்.
கண்ணுக்கு இரண்டும் ஒன்று.
ஆட்டம்தான் காட்டிக்கொடுக்கிறது.
எனக்குத் தெரியாததா?
இறுகிய நட்சத்திரத்தின் கோடுகள் அகலமாய்ப் பரவும்.
முதுகலை இரண்டாம் பருவத்தில்
பத்து மதிப்பெண் கேள்வி.

லாஞ்சு நாலு மணிக்கு வந்தது.
ஐஸ் மிச்சம், மீன் இல்லை.

நிறமாலைகள் ஏழு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை வந்தன.
இருநூற்றுப் பதினேழு தடித்த கோடுகள்.
இரண்டு நட்சத்திரம் ஒன்றையொன்று குடித்து
இளமை திரும்பியவை.
சாயமில்லை, அசல் நீலம்தான்.
ஆனால் சின்ன விளக்கு.
நான் வைத்த இடத்தில் பாதித் தூரம்கூட இல்லை.

ஒவ்வொன்றாய் எடுத்தேன்.
ஒரே கட்டளையில் முடித்திருக்கலாம்,
என்னவோ ஒவ்வொன்றாய்.
மாலை ஐந்து நாற்பதுக்குப் பால்வீதி
பழைய அளவுக்கே சுருங்கியது.

பறக்கும் ரயிலில் யாரும் கவனிக்கவில்லை.
பீச் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோக்காரர்
ஹாரனோடு சேர்த்துக் கத்தினார்:
"ஓரமா போம்மா!"
சிரிப்பு வந்துவிட்டது.
எந்த ஓரம்,
அதைத்தானே இன்று தொலைத்துவிட்டு வருகிறேன்.

ஒன்பது மட்டும் அசையவில்லை.
மெல்லிய கோடு, கிழட்டு நீலம்,
வைத்த இடத்திலேயே.
ஆரஞ்சை அழித்துவிட்டேன், கறுப்புப் புள்ளி போதும்.
ஒன்பதில் ஒன்றுக்குப் பிழை எல்லை பெரிது.
வைப்பதா, எடுப்பதா
என்று எழுதி
பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.
நாளைக்கும் அது அங்கே இருக்கும்.