இரண்டு கால்

டுலூத்தில் எந்தத் தெருவும் சும்மா கிடக்காது.
ஒன்று ஏறும், இல்லையென்றால் ஏரிக்குள் விழப் பார்க்கும்.
அதனால்தான் என் கொட்டகையில்
எஞ்சினைவிட பிரேக்குக்கு மரியாதை.

ஆரின் கிளெப்பெ பழைய கம்பளியில் சுற்றி
திருடிய கோழியைப் போல் அக்குளில் இடுக்கிக் கொண்டுவந்தார்:
ஐம்பத்து மூன்றாம் வருடத்துப் பேக்கார்டின் பவர் பிரேக்.
"மிதி கல்லாய் இருக்கிறது, மார்லிஸ்.
ஆனால் புதுசு வேண்டாம். இதையே சரிபண்ணு."

செம்பழுப்பாய் உரிந்த துரு,
உப்புச் சாலைகள் தின்று துப்பிய வெள்ளைப் பொடி.
திருகுகள் பேச்சுக்கே வரவில்லை.
எண்ணெய் விட்டு ஓர் இரவு,
சூடு காட்டி ஒரு மதியம்,
கெட்ட வார்த்தை சொல்லி அரை நிமிடம்.
கெட்ட வார்த்தைக்குத்தான் அசைந்தது.

உள்ளே பெரிய மர்மம் ஒன்றுமில்லை.
பிஸ்டனுக்கு ஒரு பக்கத்துக் காற்றை எஞ்சின் உறிஞ்சிவிடும்.
கால் பட்டதும் வால்வு திறந்து மறுபக்கம் காற்று நுழையும்.
வெற்றிடம் எதையும் இழுக்காது என்று
வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன்.
பிறந்த நாள்முதல் நாலாபுறமும் நம்மை அழுத்துகிற இதே காற்று
ஒரு பக்கம் வழி கிடைத்ததும் தள்ளுகிறது,
இரண்டு டன் இரும்பு நிற்கிறது.

பிஸ்டனின் விளிம்பில் ஒரு தோல் வளையம்.
அதன் உதடு காற்று வரும் பக்கம் பார்க்க வேண்டும்.
இதுவோ
சண்டை போட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன் மாதிரி
எதிர்ப்பக்கம் பார்த்திருந்தது.

எந்த மடையன் செய்த வேலை என்று
விளக்கைக் கிட்டே கொண்டுபோனேன்.
தட்டின் உள்வட்டத்தில்
ஊசியால் கீறிய இரண்டு எழுத்து, ஒரு வருடம்: தொண்ணூற்றெட்டு.
அந்த எழுத்தின் வளைந்த வாலை எனக்குத் தெரியும்.
காசோலையில் இன்றைக்கும் அப்படித்தான் வளைக்கிறேன்.

அன்றைக்கு என்ன நினைப்பில் இருந்தேன் என்று தேடினேன்.
ஒரு சாவு, ஒரு காய்ச்சல், ஒரு கடன்
எதுவாவது அகப்பட்டால் பழியை அதன்மேல் போடலாம்.
அகப்படவில்லை.
வெறும் கவனக்குறைவு,
மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் இருந்திருக்கும்.

மணல் பீய்ச்சும் பெட்டி இரண்டு எட்டில் இருந்தது.
இருபது நொடி போதும், எழுத்து போய்விடும்.
பெட்டியைத் திறந்தேன்.
மூடினேன்.
தொலைபேசியை எடுத்தேன்.

அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமில்லை.
பிறகு ஆரின் சொன்னார்:
"ஒவ்வொரு ஜூலையும் ஊர்வலத்தில் மலையிறங்கியிருக்கிறேன்,
இரண்டு காலாலும் மிதித்து.
முழங்கால்தான் போய்விட்டது என்று
மூன்று டாக்டருக்குக் காசு கட்டினேன்."
சிரித்தாரா இருமினாரா, தெரியவில்லை.

புதுத் தோலை எண்ணெயில் ஊறப்போட்டேன்.
உதடு எந்தப் பக்கம் என்று
பொருத்துமுன் பார்த்தேன், பொருத்திப் பார்த்தேன்,
படுக்கப்போனவள் எழுந்துவந்து
எல்லாவற்றையும் பிரித்து இன்னொரு முறை பார்த்தேன்.
கைபிரேக்கையும் இறுக்கினேன்.
பில்லில் கூலி என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும்.

"எஞ்சினைப் போடாமல் நாலு தரம் மிதியுங்கள்.
காலை எடுக்காமல் இப்போது சாவியைத் திருப்புங்கள்."
மிதி ஓர் அங்குலம் தானாக இறங்கியது.
ஆரின் என்னைப் பார்த்தார்,
இருட்டுப் படிக்கட்டில்
இல்லாத படிமேல் கால் வைத்த மனிதராக.
"உடைந்துவிட்டதா?"
"வேலை செய்கிறது."

ஏரியைப் பார்த்துச் சரியும் அவென்யூவில்
முதல் நிறுத்தப் பலகை.
பழக்க தோஷம், இரண்டு காலையும் போட்டார்.
பேக்கார்ட் ஆணியடித்த மாதிரி நின்றது.
அவர் தொப்பி முன்கண்ணாடியில் மோதியது,
என் காப்பி என் மடியில்.
பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"ஒரு கால் போதும், ஆரின்."

இடது காலைத் தூக்கினார்.
கிளட்ச் இல்லாத வண்டி, அதற்கு அங்கே வேலையில்லை.
எங்கே வைப்பதென்று தெரியாமல்
கொஞ்ச நேரம் அந்தரத்திலேயே வைத்திருந்தார்.