தும்பு

ஞாயிறு. மெயின் சுவிட்சை இறக்கி, பூட்டுப் போட்டு,
திறப்பைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.
லசந்த சிரிக்கிறான்:
"கரண்டை யார் களவெடுக்கப் போறாங்க?"
சிரிக்கட்டும்.
உள்ளே தோள்வரை போகப்போவது என் கை.

மூன்றாம் நம்பருக்கு இன்னும் சூடு ஆறவில்லை.
சனி இரவு முழுக்க
ஹோட்டல் துவாய்களைப் புரட்டிய வயிறு.
நாற்பது நிமிஷ வேலைக்கு
இப்போது எழுபது எடுக்கிறது.
பெல்ட் போய்விட்டது என்கிறார் முதலாளி.
மோட்டர் கிழடு என்கிறார்.
பஞ்சிகாவத்தையில் விலை கேட்டு வா என்கிறார்.
தும்பை விட்டு வாலைப் பிடிக்காதே என்று
முதலில் சொன்னவர் டிரையரைக் கண்டிருக்க மாட்டார்.
ஆனாலும் பொருந்துகிறது.

வலைத்தட்டை இழுக்கிறேன்.
ஒரே தாளாய் உரிகிறது தும்பு.
ஓரத்தைப் பிய்த்தால் வாரம் தெரியும்:
அடியில் வெள்ளை, ஆஸ்பத்திரி விரிப்புகள்.
மேலே நீலம், செக்யூரிட்டிக் கம்பெனிச் சீருடை.
அதற்கும் மேலே மெல்லிசாய் ரோசா நிறம்,
எந்தக் கலியாணத்துக் கதிரை உறைகளோ.
பிறகு திரும்பவும் வெள்ளை.
வந்த துணி முழுதாய்த் திரும்பிப் போவதில்லை.
ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இங்கே தங்கிவிடுகிறது.
பில்லில் அதை நாங்கள் எழுதுவதில்லை.

பைப்பைத் திறந்து பிடித்தால்
வலையின் மேலேயே நிற்கிறது தண்ணீர்.
வாசனைத் திரவம் பாலாடை போல்
கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கிறது.
பழைய பல்துலக்கி, சவர்க்காரம், சுடுதண்ணீர்.
நாலாம் தடவை
தண்ணீர் சடாரென்று கீழே விழுகிறது.

ட்ரம்முக்குப் பின்னால்
இரண்டு பொத்தான், ஒற்றைத் தோடு,
சுழன்று சுழன்று முகம் தேய்ந்த பத்து ரூபாய்.
பெல்ட்டை விரலால் அமுக்கிப் பார்த்தேன்.
நல்ல பெல்ட்.
பெயாரிங்குக்குக் கிறீஸ், அவ்வளவுதான்.

கடைசியாய்க் குழாய்.
மூங்கிலில் தும்புத்தடியைக் கட்டிக் குத்துகிறேன்.
தலையணை அளவில் ஒன்று கழன்று விழுகிறது,
சாம்பல் நிறம், இன்னும் இளஞ்சூடு.
வத்தளையில் ஒரு லோண்டரி எரிந்ததே,
அதற்கும் இவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கும்.
லசந்த இப்போது சிரிக்கவில்லை.

குழாயின் மற்ற முனையில் ஒரு குரல்:
"தம்பி, மெஷின எப்ப போடுவீங்க?
புள்ளட யூனிபோர்ம் ஈரம், நாளக்கி ஸ்கூல்."
பின் ஒழுங்கை பௌசியா.
கிராண்ட்பாஸில் மூன்று நாளாய் மழை விடவில்லை.
எங்கள் வெக்கை வெளியேறும் வாய்க்கு நேரே
ஒரு கொடி கட்டியிருக்கிறாள்.
எத்தனை வருஷமாய் என்று தெரியாது.
நான் எட்டிப் பார்த்ததில்லை.

பூட்டைத் திறந்து துவாய்களைப் போட்டேன்.
முப்பத்தெட்டு நிமிஷம்.
முதலாளி போனிலேயே கணக்குப் போடுகிறார்,
ஒரு ஓட்டத்துக்கு இவ்வளவு மிச்சம்,
மாதத்துக்கு இவ்வளவு.
எனக்கும் ஒரு கணக்கு வந்தது.
எழுபதில் முப்பத்தெட்டுப் போனால்
ஒழுங்கைக்கு
ஓட்டத்துக்கு முப்பத்திரண்டு நிமிஷம் நட்டம்.
அதை யாரிடம் சொல்வது?

பராமரிப்புப் புத்தகத்தில் எழுதினேன்:
சோதனை ஓட்டம், வெறும் ட்ரம், பத்து நிமிஷம்.
எழுதிவிட்டு வெளியே போய்த் தேத்தண்ணீர் குடித்தேன்.
ஆறுதலாய்த்தான் குடித்தேன்.
திரும்பி வர அரை மணி.

குழாய்க்குள்ளால் பௌசியா கத்துகிறாள்:
"என்னத்தப் பண்ணினீங்க தம்பி?
காத்து இப்படி அடிக்குது!
சேட்டு பறந்து கானுக்குள்ள உழப் பாத்திச்சு!
உங்கட முதலாளிக்கிட்டக் கேட்டு
கிளிப் பத்து வாங்கித் தாங்க."