மாதிரி இ

தேர்வுக்கு மூன்று நாள் முன்னால்
அரக்கு வைத்த உறை வரும்.
தலைமையாசிரியர் கதவைச் சாத்திவிட்டுக் கிழிப்பார்.
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வேன்.
அப்புறம் பரீட்சை முடிகிறவரை
மனைவியிடம்கூட
மீன் என்ற சொல்லை எடுக்க மாட்டேன்.

இந்த வருடம் கேட்டிருந்தது:
மாதிரி அ, தட்டைப்பயறு வேர், முடிச்சுகளோடு.
மாதிரி ஆ, கரப்பான், செத்தது.
மாதிரி இ, திலேப்பியா,
செதில் உரியாமல் குடல் எடுக்காமல்
ஆளுக்கு ஒன்று.
ஆள் நாற்பத்தொன்று.

கரப்பானுக்கு விடுதிச் சமையலறை இருக்கிறது,
காசு கேட்காது.
வேருக்குப் பள்ளித் தோட்டம்.
மீனுக்குத்தான் கேட்டா சந்தை.
நாலு நாளைக்கு ஒருமுறை கூடுவது,
நல்லவேளை மறுநாளே கூடியது.
ஒரே அளவில் நாற்பத்தொரு மீன்
டோவியிடம்தான் கிடைக்கும்.
டோவியின் மகள் எசெனாம்
என் ஆய்வகத்தில் மூன்றாம் மேசை.

"இத்தனை எதற்கு, லேப் மாஸ்டர்?
சனிக்கிழமை யாருக்கு இறுதிச் சடங்கு?"
"மைத்துனிக்குக் கல்யாணம்."
எனக்கு மைத்துனி கிடையாது.
"கல்யாணத்துக்கு யாராவது குடலோடு வாங்குவார்களா?"
"அங்கே போய்க் கழுவிக்கொள்வார்கள்."
"செதிலோடு?"
"செதிலோடு."
ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.
பட்டியலில் இல்லாத மாதிரி அது.

எண்ணினாள். மணப்பெண்ணுக்கென்று
இரண்டு கூடப் போட்டாள்.
ஓலைநாரை இடது செவுளில் நுழைத்து
வாய்வழி இழுத்து
பத்துப் பத்தாகக் கோத்தாள்.
காயல் தண்ணீர் என் செருப்பில் சொட்டியது.

பரீட்சையன்று காலை
பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து எடுத்து
தட்டுக்கு ஒன்றாகக் கிடத்தினேன்,
தலை இடப்பக்கம் பார்க்க, விதிப்படி.
கரப்பானை எல்லோரும் மூக்கைச் சுளித்துத் தள்ளினார்கள்.
எசெனாம் மீனைத் தொடவில்லை முதலில்.
செவுள்மூடிக்குக் கீழே
நார் அறுத்த சின்னக் கீறல்.
அதையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.
வெள்ளைக் கோட்டுக்குள் எனக்கு வேர்த்தது.
விரலால் வயிற்றை ஒருதரம் அழுத்தினாள்,
சந்தையில் அழுத்துவதுபோல.
எத்தனை நாள் மீன் என்று
அவளுக்குத் தெரிந்துவிட்டது.

*மாதிரி இ-யின் பக்கவாட்டுத் தோற்றத்தை
பத்து சென்டிமீட்டரில் வரைக.
நிழல் தீட்டக் கூடாது.
குறிக்கும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது.
உருப்பெருக்கம் தருக.
நீரில் வாழ உதவும் தகவமைப்புகள் மூன்று கூறுக.*

மூன்றுதான்.
எந்த மாதத்து மீன்
வாய்க்குள் முட்டையோடு வலையில் விழும்,
எந்தப் புகையில் தோல் பொன்னிறமாகும்,
எதை எவ்வளவு விலைக்குக் கீழே தரக்கூடாது
என்பதற்கெல்லாம் தாளில் வரி இல்லை.

மேற்பார்வையாளர் ஜன்னல் பக்கம் நடந்தபோது
தட்டை நேர்செய்கிற சாக்கில் எட்டிப் பார்த்தேன்.
முதுகுத்துடுப்பு முள் ஒன்றுவிடாமல் இருந்தது.
பக்கக்கோடு, நடுவில் ஓரிடத்தில் அறுந்து
கீழே இறங்கித் தொடர்ந்தது,
திலேப்பியாவுக்கு அப்படித்தான், பாதிப் பேர் விட்டுவிடுவார்கள்.
கீறலையும் வரைந்திருந்தாள்.
அதற்கும் அடிக்கோல் வைத்து ஒரு கோடு இழுத்து
நுனியில் எழுதியிருந்தாள்: நார் போன வழி.

பார்த்ததை வரை, தெரிந்ததை வரையாதே
என்று வருடம் முழுக்கச் சொன்னது
அவர்கள் ஆசிரியர் க்லூ.
இவள் பார்த்ததையும் வரைந்தாள்,
தெரிந்ததையும் எழுதினாள்.
விடைக்குறிப்பில் இதற்கு என்ன போடுவார்கள்?

மணியடிக்க இரண்டு நிமிடம் இருக்க
ரப்பரை எடுத்தாள்.
எழுத்தை அழித்தாள், கோட்டை அழித்தாள்.
கீறலை விட்டுவிட்டாள்.
தாளை வாங்கும்போது
அழித்த இடம் சொரசொரவென்று
என் கட்டைவிரலில் பட்டது.

அடுத்த சந்தையில்
வேறு வழியாகச் சுற்றிப் போகப் பார்த்தேன்.
"லேப் மாஸ்டர்! கல்யாணம் எப்படி?"
"நல்லபடி."
"நாற்பத்தொரு பேரும் சாப்பிட்டார்களாமே,
மென்சிலை வைத்து... பென்சிலோ என்னவோ."
கத்தி நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.
"இந்தக் கோட்டால்தான் மீனுக்குத்
தண்ணீர் நடுங்குவது தெரியுமாம்.
நேற்று என் கையைப் பிடித்து நிறுத்திக் காட்டுகிறாள்.
இத்தனை வருஷம் அதன் மேலேயே கத்தி வைத்திருக்கிறேன்."

ஒரு மீனைத் திருப்பிப் போட்டாள்.
"அடுத்த மைத்துனிக்கு முன்னாடியே சொல்.
கோக்காமல் கூடையில் தருகிறேன்."